மங்கம்மாளின் எட்டுப் புளியமரங்கள்

மங்கம்மாளுக்கு எட்டுப் புளியமரங்கள். மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய்க் காசு கொடுத்துப் புளி வாங்கி வருகிறவளும் அவள்தான். கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்கிற கதை இல்லை இது.

எண்பதாம் வருஷம் அவள் மகன் அர்ச்சுனனுக்கு மதராஸில் விமானம் பழுதுபார்க்கும் படிப்புக்கு இடம் கிடைத்தது. தனியார் கல்லூரி. படித்து முடித்ததும் மாதம் இரண்டாயிரம் சம்பளம் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். அச்சில் வந்தது பொய்யாக இருக்கும் என்று மலையில் யார் கண்டது? புருஷன் இல்லாத மங்கம்மாள், எட்டு மரத்து மகசூலையும் ஏழு வருஷத்துக்குக் கண்ணமங்கலத்து வியாபாரி கோபால்சாமிக்கு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினாள். எழுதிக் கொடுத்த மரத்தடியில் உதிர்ந்த காயைக்கூடச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் தொடவில்லை.

மரங்கள் போனது மகனுக்குத் தெரியும். அம்மா படும் பாடு தெரியாது. "பாதி மகசூல எனக்கே குடுத்துடறாருடா" என்று சொல்லி வைத்திருந்தாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. விமானக் கம்பெனியில் வேலை என்று எழுதினானே தவிர, லைசென்ஸ் பரீட்சை தேறாததால் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலைதான், சம்பளம் நானூற்றைம்பதுதான் என்று எழுதவில்லை.

ஏழாம் வருஷம், கடைசி மகசூல். பங்குனி வெயிலில் அர்ச்சுனன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். வீடு பூட்டிக் கிடந்தது. மரத்தடிக்குப் போனால், கூலிப் பெண்களோடு உட்கார்ந்து அம்மா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள்! அவள் மரம், அவள் காய், ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் கூலி.

"இன்னாம்மா இது?"

"வூட்ல சும்மா குந்திக்கினு இருக்க முடியலடா. நீ இன்னா திடீர்னு?"

அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிக் கிளையை உலுக்க ஆரம்பித்தான். பெற்றவளுக்குத் தெரியாதா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "கேக்க வந்தத கேளு."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பரீட்சைக்குப் பணம் வேண்டும். மரங்களை இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லத்தான் வந்திருந்தான். "உன்ன அங்க பாத்தப்புறம் கேக்க மனசு வரல. நான் இங்கயே இருந்துடறேம்மா."

மங்கம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு வருசமா சந்தைப் புளிய வாங்கித் தின்னது நீ வந்து மரம் ஏறறதுக்காடா?" திட்டித் தீர்த்துவிட்டு அழுதுகொண்டே சோறு போட்டாள்.

மறுநாள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த கோபால்சாமி, "இனிமே எட்டும் உன்னுதும்மா" என்றார்.

"ஆறுதாங்க என்னுது, மொதலாளி. ரெண்ட இன்னும் நாலு வருசம் வச்சிக்கினு புள்ள பரீட்சைக்குப் பணம் குடுங்க."

"எந்த ரெண்டு?"

வீட்டை ஒட்டி நிற்கிற இரண்டைக் காட்டினாள். எட்டில் அதிகம் காய்ப்பவை அவைதான். வேறு எந்த இரண்டைக் கொடுத்தாலும் பணம் பத்தாது.

"யம்மா, அதுங்களா?" என்றான் அர்ச்சுனன்.

புதுப் பத்திரத்தில் ரேகை வைத்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தோத்துட்டு வந்தேன்னு வச்சிக்க, அந்த ரெண்டுலயும் கூலிக்கு நீதான் ஏறணும். அதே ஆறு ரூபா."

அவன் சிரித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.