இடது ஓரத்து முத்துக்குமாரு

ஞாயிறு ஆட்டம் முடிந்தால் திங்கள் காலை உதைபந்தாட்டக் கழகத்துச் சேட்டுகளைத் தோய்ப்பது பாலேஸ்வரியின் வேலை. பத்துப் பேர் போட்டவை பத்து. பதினோராவதை ஒருவரும் போடவில்லை.

"இஞ்சாருங்கோ, உதுவும் வேர்வை மணக்குது."

கிணற்றடிக் கல்லில் இருந்து பந்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த அவள் கணவன் சோமசேகரம் நிமிரவில்லை.

ஐம்பத்தாறில் காங்கேசன்துறைப் பக்கத்துக் கரையில் பின்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கியவர் அவர். முழங்கால் போனதும் பயிற்றுநரானார். பகலில் கடற்கரை வாடிக் கொட்டிலில் மீன் நிறுப்பார். பின்னேரம் விசிலோடு மைதானத்தில் நிற்பார். ஆட்டக்காரர் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். "வள்ளத்திலை அவனவன்ரை இடம் அவனவனுக்கு. மற்றவன் மாறி இருந்தாச் சரிஞ்சுபோம்" என்பதுதான் அவருடைய பாடம்.

எழுபத்திரண்டில், இடது ஓரத்தில் ஆடிய முத்துக்குமாரு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் இடத்துக்குச் சோமசேகரம் வேறு ஆளைப் போடவில்லை. அவன் சேட்டை மடித்துக் கோட்டோரம் வைத்துவிட்டுப் பத்துப் பேரை இறக்கினார்.

"என்ன சோமண்ணை, மற்றவன் சந்தைக்குப் போயிட்டானோ?" என்று எதிர்க்கழகத்தார் சிரித்தார்கள்.

இடப்பக்கம் உதைத்த பந்து கோட்டைத் தாண்டாமல் நின்றது. பிறகு திரும்பி, எதிர்க்கழகத்தின் கோல் வாசலுக்கு வந்தது. கடற்காற்று என்றார்கள். காற்றில்லாத நாளிலும் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கழகம் தோற்கவேயில்லை. சாவகச்சேரியில்கூடச் சோமசேகரத்தின் பெயரைச் சொன்னார்கள்.

மூன்றாம் வருடம், இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள், முத்துக்குமாருவின் மனைவி இராசமலர் வந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. சோமசேகரம் வீட்டில் சேட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள்ளேயே வந்து நின்றாள்.

"உடம்பு கிடைக்காததாலை தர்ப்பையிலை உருவம் செய்து, அவரின்ரை வேட்டியைப் போத்திக் கொளுத்தினம் அண்ணை. ரெண்டு தரமும் நெருப்புப் பத்தேல்லை. ஆள் எங்கையோ பிடிபட்டு நிக்குதாம், குருக்கள் சொல்லுறார். அந்தச் சேட்டைத் தாங்கோ."

"நாளைக்கு ஆட்டம் முடியட்டும், தங்கச்சி."

"போன வருசமும் இதைத்தானே சொன்னியள்."

"குடுத்துவிடுங்கோவன்" என்றாள் பாலேஸ்வரி.

"அவனுக்கு இஞ்சை ஒரு இடம் இருக்கு. எரிச்சா எங்கை போவான்?"

இராசமலர் அழவில்லை.

"மூண்டு வருசமா ஓடுறார். அவருக்குக் களைக்காதோ, அண்ணை?"

சோமசேகரம் முத்துக்குமாருவின் சேட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் வெறுங்கையோடு அறையை விட்டு வெளியே போனாள்.