ரைட் சொன்னால்தான் ஊசி: புசல்லாவையிலிருந்து கண்டி வார்டுக்கு

இந்த நடு இரவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கிவிட்டாள்; எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. பிள்ளையின் சிகிச்சைக்குக் கண்டி போகவிருக்கும் அம்மாமாருக்கு இன்றைய பயணத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது, இரத்தப் புற்றுநோய். போன தடவை நரம்பு அகப்படாமல் பல இடத்தில் குத்தினார்கள். இன்றும் அவள் கையை இழுத்துக்கொண்டால் மருந்து தள்ளிப்போகுமே என்று வழியெல்லாம் பயம்.

காலை ஐந்தரைக்கு பஸ். நாற்பது கிலோமீட்டர் இருக்கும். கம்பளையில் நின்று போனதில் இரண்டு மணி நேரம். முன் சீட்டில் இருங்கள், வளைவுகளில் பிள்ளைக்குக் குமட்டாது. தரிப்புக்குத் தரிப்பு கண்டக்டர் கத்தியதை யாழினி பிடித்துக்கொண்டு, மாஸ்க்குக்குள்ளிருந்தே கத்தினாள்: "ரைட்! போகலாம்!"

"பாப்பா, என் வேலைக்கே உலை வக்கிறீங்களே!" என்றார் அவர்.

கண்டியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய். ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வார்டில் போன தடவை இருந்த அதே சிங்களத் தாதி. நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். "வலிக்காதுடி தங்கம்," என்று நான் சொன்னதும் ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அம்மா, அப்படிச் சொல்ல வேணாம். வலிச்சா உங்களையும் நம்பாது, என்னையும் நம்பாது. கொஞ்சம் வலிக்கும் பாப்பா. அம்மா, இவங்களுக்கு என்ன விருப்பம்?"

போன தடவை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ் கதையைச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "நான் டிரைவர். நீங்க ரைட் சொல்லாம பஸ் போகாது."

யாழினி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆள் ஏறணும்."

காத்திருந்தார்.

"இன்னும் ஒரு ஆள்."

அதற்கும் காத்திருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு யாழினியின் கை தானாக நீண்டது. "ரைட்!"

ஒரே குத்து! அழுதாள்தான், ஆனால் கையை இழுக்கவில்லை. மருந்து ஏறத் தொடங்கியபோது, "டிக்கட் எடுத்தீங்களா?" என்று அழுகையோடே மிஸ்ஸை அதட்டினாள். அவர் ஒரு துண்டு பிளாஸ்டரை நீட்டினார்.

போகிறவர்களே, போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் எடுத்துப்போங்கள். அதோடு, ஊசித் தட்டு வருமுன்பே உங்கள் பிள்ளையைப் பற்றித் தாதியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்த செவ்வாய் முதுகில் ஊசி. சுருண்டு படுக்கவேண்டும், டிரைவரின் முகம் தெரியாது. "மத்த அம்மாமார்கிட்டயும் கேட்டுட்டு வாங்க, சேர்ந்து யோசிப்போம்," என்று மிஸ்தான் சொல்லி அனுப்பினார். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.