கையெழுத்து போடாத கடிதம்

கேள்வித்தாளில் எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிய நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப், இருபதாம் பிளாக், காலை பதினோரு மணி. நான் கேள்வி கேட்கப் போன வீட்டு அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார்; அவர் கணவர் சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட்டில் இருந்தார். கணவன் கை நீட்டாமலேயே மனைவியை எப்படியெல்லாம் நோகடிக்கிறான் என்பதைப் பல நாடுகளில் ஒரே கேள்விகளால் அளக்கும் ஆய்வு அது. ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானும் கிளிப்பிள்ளை போலக் கேட்டேன். கேவலமாகத் திட்டினாரா? இல்லை. பிறர் முன் அவமானப்படுத்தினாரா? இல்லை. அடிப்பேன் என்று மிரட்டினாரா? சத்தமே போட மாட்டார் என்றார் அக்கா. கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

“அவ்ளோதானா கேள்வி?” என்றார். முகம் விழுந்துவிட்டது. பிறகு தானாகவே சொன்னார். குழம்பில் உப்பு கூடினாலும் சரி, அம்மா வீட்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டாலும் சரி, கணவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, சுரங்க நிறுவனம் கொடுத்த குவார்ட்டர்ஸைச் சரண்டர் செய்வதாக, அதாவது திருப்பி ஒப்படைப்பதாக, டவுன்ஷிப் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார். வீடு அவர் பெயரில்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். அக்காவும் இரண்டு பெண்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான். எழுதியதை நிதானமாகப் படித்துக் காட்டி ஃப்ரிட்ஜ் மேல் வைப்பார்.

“கையெழுத்து மட்டும் போட மாட்டாரு. எப்பப் போடுவாரோன்னு பயந்துகினே பதினெட்டு வருஷம் ஓடிப்போச்சிங்க. இதெல்லாம் உங்க கணக்குல வராதா?”

வராது. அதுதான் விதி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தாளின் ஓரத்தில் அத்தனையையும் எழுதினேன்.

மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார். நான் விடவில்லை. எல்லா நாட்டுக் குழுக்களும் கணினித் திரையில் கூடிய கூட்டத்தில் அதை வாசித்தேன். பிறகு, வேறொரு நாட்டில் தேயிலைத் தோட்ட வீடுகளில் கேள்வி கேட்ட பெண், தன் தாளின் ஓரத்திலும் இப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஒரு துறைமுக ஊர்க்காரரும் சொன்னார். அடுத்த சுற்றில் எல்லா நாடுகளுக்கும் ஒரு கேள்வி சேர்ந்தது: ‘வீடு இல்லாமல் செய்துவிடுவதாக அச்சுறுத்தியதுண்டா?’ அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, அதே வீட்டில் அந்தக் கேள்வியைப் படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார் அக்கா. மற்ற நாடுகளிலும் இதைக் கேட்கிறீர்களா என்று விசாரித்தார். கேட்கிறோம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘வாழ்நாளில் எப்போதாவது?’

“ஆமாங்க.”

‘கடந்த ஓராண்டில்?’

“இல்லீங்க. நீங்க அன்னிக்கி ஓரமா எழுதிக்கினு போனீங்களே, அப்பவே எனக்குத் தைரியம் வந்துடுச்சி. அடுத்த வாட்டி அவரு எழுதுனப்ப, பேனாவ நானே எடுத்துக் குடுத்தேன். கையெழுத்தப் போடுங்க, குறிஞ்சிப்பாடில வாடகைக்கு வூடு பாத்துட்டேன்னேன். பேனாவ வாங்கவே இல்ல. அதோட எழுதறதையும் வுட்டுட்டாரு.”

அந்த ‘இல்லை’யை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.