கதவில் ஒட்டிய 'அடுப்பு'

என் தம்பிக்கு வாசிக்க வராததற்கு நான் என்ன செய்ய முடியும்? பத்து வயதில் அம்மாவிடம் கேட்க நினைத்த ஒரே கேள்வி அதுதான். கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

முதலாம் ஆண்டில் பாதியைத் தாண்டியும் தம்பி எழுத்துக்கூட்டத் திணறினான். வீட்டில் பொருள்களின்மேல் பெயரை எழுதி ஒட்டி, விளையாட்டாகவே பழக்குங்கள் என்று ஆசிரியை அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அம்மாவோ நாளெல்லாம் தேயிலை மலையில் நிற்பவர். ஆகவே யோசனை ஆசிரியையுடையது, அட்டை அம்மாவுடையது, தண்டனை என்னுடையது. தம்பி இருபது சொற்களையும் தப்பில்லாமல் வாசிக்கும்வரை நான் பூப்பந்து மட்டையைத் தொடக்கூடாது என்று உத்தரவு. தோட்டத்துத் தீபாவளிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அந்த ஞாயிறுதான் கடைசி. நீ வராவிட்டால் வேறு ஜோடியைப் பிடித்துக்கொள்வேன் என்று பக்கத்து லயத்து வரிசைவீட்டுத் தோழி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அம்மா பிஸ்கட் பெட்டியைக் கத்தரித்து எழுதிக் கொடுத்தார். நான் சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கதவு, அடுப்பு, கண்ணாடி, வாளி என்று வீடு முழுக்க ஒட்டினேன். மறுநாளே தம்பி இருபதையும் ஒப்பித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மகான் அட்டையைப் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்துக் கதவு என்றான், வாளியைப் பார்த்து வாளி என்றான். அட்டையைப் பிய்த்துக் கையில் காட்டினால் கூரையைப் பார்த்தான்.

விளையாட்டை மாற்றினேன். அட்டைகளைத் தரையில் பரப்பி, நான் சொல்லும் சொல்லின்மேல் குதிக்கச் சொன்னேன். எல்லாவற்றின்மேலும் குதித்தான். ஒளித்துவைத்துத் தேடச் சொன்னேன். கிடைத்ததை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டுக் கோழி துரத்தப் போய்விட்டான். வெளியே திடலில் பந்தடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்பாவாவது உதவினாரா என்றால் அதுவும் இல்லை. அவர் காய்கறி லோரி ஓட்டுபவர். கோலா தெர்லா என்ற ஊரில் வளர்ந்து, மலாய்ப் பள்ளியில் படித்தவர். லோரி பில்லை மலாயில் கடகடவென்று வாசிப்பார். தமிழ்ப் பத்திரிகையை மட்டும் அம்மாதான் அவருக்கு வாசித்துச் சொல்லவேண்டும். அது சோம்பேறித்தனம் என்பது என் முடிவு. விளையாட்டுக்குக் கூப்பிட்டால், "அம்மாகிட்ட கேளு லா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

சனிக்கிழமை வந்தது. மூன்று நாளாக மழை விடவில்லை. லோரி ஓடாததால் அப்பா வீட்டில் இருந்தார். நானும் தம்பியும் பள்ளியில் சனிக்கிழமைக் கூடுதல் வகுப்பை முடித்து, வேலை முடிந்து வந்த அம்மாவோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தோம். ஈரத்தில் சோற்றுப் பசை இளகி அட்டைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன போலும். அப்பா தரையைக் கூட்டி, புதுப் பருக்கை வைத்து, ஒன்றுகூடக் கோணாமல் ஒட்டிவைத்திருந்தார். கதவில் 'அடுப்பு'. கண்ணாடியில் 'வாளி'. சாமி படத்துக்குக் கீழே 'துடைப்பம்'.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அடி எனக்குத்தான், பூப்பந்து போயே போச்சு என்று நான் நினைத்த நேரத்தில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"ம்மா, கதவுல அடுப்புன்னு போட்டிருக்கு. இங்க பாரு, சாமிக்குத் துடைப்பம்."

வீடு முழுக்க ஓடி ஓடி இருபதையும் வாசித்தான். பொருளைப் பார்த்துச் சொல்ல இப்போது வழியே இல்லை. பத்து நாள் என் உயிரை எடுத்தவன் எல்லாவற்றையும் உள்ளே போட்டுத்தான் வைத்திருந்திருக்கிறான்.

"அப்பா, வேணும்னேதான் மாத்தி ஒட்டினீங்களா?" என்று கேட்டேன்.

அப்பா விரலில் காய்ந்திருந்த பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மாதான் பதில் சொன்னார்.

"ஆமா, அது அப்பா போட்ட ஐடியா. நீ போய் பேர் குடுத்துட்டு வா."

தொண்டை கிழியக் கத்தியது நான், பெயர் அப்பாவுக்கு. பெயர் கொடுத்துவிட்டு வந்த பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. பார்த்தால், அம்மா அட்டைகளைச் சரியான இடத்துக்கு மாற்றி, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே அதே சொல்லை மலாய் எழுத்தில் பென்சிலால் சின்னதாக எழுதிவைத்திருந்தார். தம்பிக்கு இதைவிடச் செல்லம் கொடுக்க முடியுமா? கீழே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான், நான் பட்ட பாடெல்லாம் வீண். அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா துணி துவைக்கப் போன நேரத்தில் அழிப்பானை எடுத்து இருபது அட்டைகளிலும் பென்சில் எழுத்தைச் சுத்தமாக அழித்தேன். பிறகுதான் மட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடினேன்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தபோது அப்பா கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை அணிந்து, முகத்தை அட்டைக்கு அருகில் கொண்டுபோய், உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகவேண்டும், தள்ளி நில்லுங்கள் என்றேன். சட்டென்று வழிவிட்டார். தினமும் திறந்து மூடுகிற கதவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.