குலுக்கினால் இன்னும் கொஞ்சம் கொள்ளும்

அந்தக் காரின் பெட்ரோல் வாய் டிரைவர் கதவுக்குப் பின்னால், என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. பளபளவென்று ஒரு மூடி, அதைத் திறக்கக் குட்டிச் சாவி, திறந்தால் உள்ளே பாதியிலேயே வளைந்துபோகிற குழாய். வேறு எந்த வண்டியும் பெட்ரோல் போடுவதற்காக என்னை மண்டியிட வைத்ததில்லை. இது வைத்தது. மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரம் இருக்கிற பங்கில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்த சமயம் அது. சனிக்கிழமை காலையானால் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வரும். கூரை கிடையாது, இரண்டே சீட்டு, உடம்பெல்லாம் ஃபைபர். நாலு பேர் சேர்ந்தால் அலாக்காகத் தூக்கிவிடலாம். ஓட்டி வருபவர் ஒரு டாக்டரம்மா. பக்கத்து சீட்டில் அவருடைய அம்மா, தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போய்விட்டவர். முகத்தில் காற்று அடித்தால் அம்மாவுக்குச் சந்தோஷம் என்பதற்காகவே வாராவாரம் கடலோரமாக ஓட்டிவருவதாக டாக்டரம்மா ஒருமுறை சொன்னார்.

அந்த வண்டியைக் கண்டாலே பங்கில் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பம்புக் குழாயைச் சொருகி அழுத்தினால் ஒரு டம்ளர் இறங்குவதற்குள் ‘டப்’ என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி டப். பின்னால் டீசலுக்கு நிற்கிற உப்பு லாரிக்காரர்கள், “இன்னாம்மா, ஸ்பூன்ல ஊத்திட்டு இருக்கியா?” என்று கத்துவார்கள். குழாய் சரியான சாய்வில் நுழைய வேண்டுமென்றால் வண்டியைக் கையால் தள்ளி நிறுத்தியாக வேண்டும். அதனால் வந்ததுமே, “ஹேண்ட் பிரேக்க எடுத்துவுடுங்க மேடம், நான் தள்ளி வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு வழியும் நான் கண்டுபிடித்திருந்தேன். பங்குக்கு வருமுன் உப்பளத்தில் மூட்டை கட்டியவள் நான். சாக்கு வாய்வரை நிறைந்த பிறகு இரண்டு காதையும் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினால் உப்பு உள்ளே இறங்கி, மேலே இன்னும் இரண்டு படி கொள்ளும். அதே கையோடு இந்த வண்டியையும் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அடைத்திருந்த காற்று வெளியேறி, பெட்ரோல் மடமடவென்று இறங்கியது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

எங்கள் மேனேஜரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பெட்ரோல் பங்கிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். பம்பில் ஒரு பெண்ணை நிறுத்தலாம் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டி என்னைச் சேர்த்தது அவர்தான். முதலாளி அரைமனதோடு, ஒரு தப்பு நடந்தாலும் அன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். நேர்மை என்றால் பாய்தான். “ஜீரோ பாத்துக்கோங்க” என்று சொல்வதோடு எங்களை விடமாட்டார். வந்தவர் உண்மையிலேயே மீட்டரைத் திரும்பிப் பார்க்கும்வரை ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. செல்போனில் பேசிக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டி, “பாருங்க சார், அப்புறம் எம்மேல சந்தேகப்படாதீங்க” என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை டாக்டரம்மா பாத்ரூம் பக்கம் போயிருந்தார். வண்டியைத் தள்ளி நிறுத்தினால் நானே குனிந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவது வழக்கம். பின்னால் மூன்று லாரி ஒரே மூச்சாக ஹாரன் அடித்த எரிச்சலில் அன்று மறந்துபோனேன். டப், டப் என்று அது வேறு உயிரை வாங்கியது. ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இடுப்பால் வண்டியை முட்டி ஆட்டினேன். நன்றாக இறங்கியது. அந்த வயதான அம்மா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அவருக்காகவே இன்னும் பலமாக ஒரு ஆட்டு ஆட்டினேன். வண்டி போய்விட்டது.

பங்கின் தரை ரோட்டைப் பார்த்துச் சரிவு. குழாய் பிய்த்துக்கொண்டு வந்து என் சட்டையெல்லாம் பெட்ரோல். அந்த அம்மா திரும்பிய கழுத்தோடு என்னையே பார்த்தபடி ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் கத்தியிருக்க வேண்டும், ஓடியிருக்க வேண்டும். மரக்கட்டையாக நின்றேன். அடுத்த பம்பில் பெட்ரோலின் அடர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்த பாயின் கையிலிருந்து கண்ணாடிக் குடுவை விழுந்து உடைந்த சத்தம்தான் கேட்டது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் அதன் மூக்கில் ஊன்றி நின்றார். உப்பு லாரிகள் சொட்டிவிட்டுப் போகிற தண்ணீரில் அந்த இடம் எப்போதும் வழுக்கும். செருப்பு வழுக்க வழுக்க அவரைத் தள்ளிக்கொண்டே போன வண்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டில் நின்றது. அவருடைய முதுகை உரசுவதுபோல ஒரு பாண்டி பஸ் ஹாரனை விடாமல் போனது. கனமான வண்டியாக இருந்திருந்தால் அவரையும் சேர்த்து பஸ்ஸுக்கு அடியில் தள்ளியிருக்கும்.

டாக்டரம்மா ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “பாய், எடுத்த ஹேண்ட் பிரேக்க நான் திரும்பப் போடலியா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, “போடலம்மா. இனிமே பாத்து போடுங்க” என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. டாக்டரம்மா போடவில்லைதான், எடுத்துவிடச் சொன்னதே நான்தானே. ஜீரோவைப் பார்க்காதவருக்கு ஒரு சொட்டு ஊற்றாத மனிதர் இப்படிச் சொல்வாரா என்று திகைத்துப்போனேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அதைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ‘அப்பாடா’ என்று இருந்ததுதான். டாக்டரம்மா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதார். போகும்போது எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன், வெட்கம் கெட்டவள்.

பிறகு பாய் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். “ஏம்மா, நடந்தத வெளிய பேசாத. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா உன்ன மட்டும் இல்ல, இனிமே எந்தப் பொம்பளையையும் இந்தப் பக்கமே வுடமாட்டாரு. டாக்டரம்மாவுக்கு இன்னா, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கறேன், நீ போய் வேலயப் பாரு” என்றார். போய் வேலையைப் பார்த்தேன். சிவப்புக் கார் அதன்பிறகு வரவே இல்லை.

இன்று அதே பங்கில் நான் சூப்பர்வைசர். பம்பில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். பாய் செய்தது சரிதான் என்பதற்கு இந்த மூன்று பேரே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிட்டேன். போன வாரம் ஒரு பெரிய சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. டிரைவர், “ஃபுல் பண்ணுங்க” என்றார். பின் சீட்டிலிருந்து தலை நரைத்த ஒரு அம்மா இறங்கி என்னையே உற்றுப் பார்த்தார். எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது, டாக்டரம்மா.

“அன்னைக்கு இருந்தவங்கதான நீங்க? பாய் இருக்காரா?”

“போன வருஷம் தவறிட்டாருங்க மேடம்.”

பாயை ஒருமுறை பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகத்தான் வந்தாராம். அந்தச் சிவப்புக் காரை அந்த வாரமே விற்றுவிட்டாராம். அதற்குப்பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லையாம். அம்மா எப்படி இருக்கிறார் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாங்க. தினம் கேப்பேங்க, என் தப்புதாம்மா, என்ன மன்னிச்சுடுன்னு. தலைய ஆட்டுவாங்க, இல்ல, இல்லன்னு. கண்ல தண்ணியா கொட்டும், ஆனா ஆட்டறத மட்டும் நிறுத்த மாட்டாங்க. கடைசி நாள் அன்னைக்கும் கேட்டேன். அப்பவும் இல்லன்னுதான் ஆட்டுனாங்க. எங்கம்மா என்ன மன்னிக்காமலேயே போயிட்டாங்க.”

வாய் பேச முடியாத ஒரு மனுஷி இரண்டு வருஷமாக உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டரம்மா இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று பாய் நினைத்தார். நான் அதைக்கூட நினைக்கவில்லை. அந்த மூன்று பெண்களும் பம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், அம்மா உங்கள மன்னிக்க மாட்டேன்னு சொல்லலீங்க. தப்பு உங்க மேல இல்லன்னு சொல்லிருக்காங்க. அவங்க திரும்பி என்னத்தான் பாத்துட்டு இருந்தாங்க. தள்ளி வெச்சுட்டு பிரேக் போடாம வுட்டது நான். வண்டியக் குலுக்குனதும் நான்தான்.”

டாக்டரம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார்.

சொன்னேன்.