நண்டு சிரித்த நான்கு விநாடி

இக்னேசியஸ் திருகோணமலையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதி வாழ்ந்தவர். குச்சவெளி முதல் இலங்கைத்துறை வரை கரையேற்றிக் கிடந்த வள்ளங்களில் பாதிக்கு அவருடைய எழுத்துத்தான். 1957இல் கடற்படைத் தளத்தை விட்டுப் போன ஆங்கிலேயர் ஒருவர் சிறிய படக்கருவி ஒன்றையும் திரையிடும் கருவியையும் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றார். பதினைந்து வருடம் அவை அலுமாரியில் கிடந்தன.

1972 தொடக்கத்தில் அவருடைய மனைவி மக்டலினுக்குத் தொண்டையில் கட்டி கண்டார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும், அதன் பிறகு பேச்சு இராது என்று வைத்தியர் சொன்னார். மக்டலின் இருபது வருடம் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் முதற்குரல் பாடியவர். அந்தக் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர இக்னேசியசுக்கு வேறு நினைவில்லை. கோயில் பாட்டு ஒன்றைப் பதியலாம் என்றார். மக்டலின் சம்மதிக்கவில்லை.

“பிறகு எல்லாரும் அழுதுகொண்டெல்லோ கேப்பினம். சிரிக்கிற பாட்டொண்டு எழுதுங்கோ.”

இக்னேசியஸ் நண்டுப் பாட்டு எழுதினார். கலியாணத்துக்குச் சப்பாத்து வாங்கப் போன நண்டு, ஒரு சோடி போதாதென்று கடை முதலாளியோடு வழக்காடுகிறது. அதை அசையும் சித்திரமாக வரைந்து, மக்டலினின் குரலில் நண்டைப் பாடவைப்பது திட்டம். நான் அவருடைய சிநேகிதன்; துறைமுகத்தில் மணிக்கொரு தடவை கடல்மட்டத்தைக் குறிப்பது என் உத்தியோகம். ஆகையால் பாட்டை விநாடிக் கணக்கில் அளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மார்ச் 9, வியாழக்கிழமை காலை 9.20. சுவாமியாரிடம் இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது ஒரே நாடா. இறக்குமதி நின்றிருந்த காலம், வேறு கிடைக்கவில்லை. இக்னேசியசின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் அபூதாஹிர் வள்ளத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பதிவு முடியும்வரை சத்தத்தை நிறுத்தச் சொல்லி இக்னேசியஸ் வேலியடிக்குப் போனார்.

“நாங்க நண்டு திங்கிறல்ல, பாட்டயாவது கேப்பம். பாடச் சொல்லுங்க” என்று அபூதாஹிர் சுத்தியலைக் கீழே வைத்தார். மறுபடி ஆணி அடிக்காதபடி இக்னேசியஸ் அங்கேயே நின்றுகொண்டார்.

எட்டாவது காலுக்கு முதலாளி இடக்காற் சப்பாத்தை மாட்டுகிற மூன்றாம் அடியில் மக்டலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டுச் சிரித்து, மீதியைப் பாடி முடித்தார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: “முதற்பதிவு, 2 நிமிடம் 52 விநாடி. மூன்றாம் அடியில் சிரிப்பு, 4 விநாடி. நிராகரிக்கப்பட்டது.” நாடாவைத் திருப்பச் சுற்றி, இன்னொருதரம் பாடச் சொன்னேன். மூச்சு வாங்கியபோதும் மறுக்காமல் பாடினார். இரண்டாம் பதிவு 2 நிமிடம் 48 விநாடி. பிழை எதுவுமில்லை.

இக்னேசியஸ் முகம் மலர உள்ளே வந்தார்.

“அண்ணை, முதல் பாடேக்க ஒரு சிரிப்புச் சிரிச்சவவெல்லோ, அதுதான் எனக்கு வேணும். அதை அப்பிடியே விடுங்கோ.”

“அது பிழையெண்டு அதுக்கு மேலயே திரும்பப் பதிஞ்சிட்டன்” என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. மக்டலின் மறுபடி சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. அன்று மாலை ரயிலில் சத்திரசிகிச்சைக்காக இருவரும் கொழும்புக்குப் போனார்கள்.

மக்டலின் குரலின்றித் திரும்பினார். விநாடிக்கு எட்டுப் படம் என்று என் அட்டவணைப்படி 1,344 படங்கள் போதும். இக்னேசியஸ் 1,376 வரைந்தார். மிகுதி முப்பத்திரண்டும் மூன்றாம் அடியில் நண்டு சிரிக்கும் படங்கள். அந்த இடத்தில் நாடாவை நான்கு விநாடி நிறுத்தும்படி மட்டும் என்னிடம் சொன்னார்.

1973 டிசம்பர் 30, ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் திரையிட்டோம். முதல் வரியிலேயே சனம் சிரிக்கத் தொடங்கியது. மூன்றாம் அடியில் நாடாவை நிறுத்தினேன். நண்டு சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தது, மண்டபம் அதிர்ந்தது. முன்கதிரையில் கழுத்தைத் துணியால் மூடியிருந்த மக்டலினின் தோள்களும் குலுங்கின. சத்தம் இல்லை. இக்னேசியஸ் திரையைப் பார்க்கவேயில்லை.

1975 ஆகஸ்டில் மக்டலின் இறந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் இக்னேசியஸ் படத்தை ஒருதரம் போடச் சொன்னார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. மூன்றாம் அடியில் நாடாவை நிறுத்தி, நான்கு எண்ணிவிட்டு மீண்டும் விசையில் கை வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் நிக்கட்டும், அண்ணை.”

நான் கையை எடுத்துவிட்டேன். சிரித்து முடித்த நண்டு அடுத்த வரிக்கு வாய் திறந்தது. ஐந்து சோடிச் சப்பாத்தோடும் பக்கவாட்டில் நடந்து கடையை விட்டு வெளியேறும்வரை குரலில்லாமலே பாடியது. படம் முடிந்து வெறுந்திரை வெளிச்சமான பிறகும் அவர் அதையே பார்த்தபடி இருந்தார்.