மூச்சு விடாமல் படித்தவள்

அந்த ஒலிப்புத்தக நிலையத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிற இடம் அது. படிப்பவர்கள் விடும் மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம், பக்கம் புரட்டும் சரசரப்பு, நாற்காலியின் முனகல் எல்லாவற்றையும் வெட்டி எறிவது கத்திரியின் வேலை. அவர் ஒரு தும்மலை வெட்டினால், தும்மியவருக்கே தான் தும்மியதில் சந்தேகம் வந்துவிடும். அவ்வளவு சுத்தம்.

அங்கே நிறையப் புத்தகங்களைப் படித்தவள் அவருடைய தங்கை. அவள் செத்துப் பல வருஷமாகிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் யாரும் அவள் செத்துவிட்டது மாதிரி நடந்துகொள்வதில்லை. புது ஸ்பீக்கர் வாங்கினால் அவள் குரலைப் போட்டுத்தான் சோதிப்பார்கள். கத்திரி மாடிப்படி ஏறும்போது ஏதாவது ஓர் அறைக்குள்ளிருந்து அவள் தேனீ வளர்ப்பைப் பற்றியோ ஓர் அரசனின் சாவைப் பற்றியோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் நின்று கேட்கமாட்டார். படிகளைத் தாவி ஏறி, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். புத்தகம் கேட்கிறவர்கள் போன் செய்து, "அந்தம்மா மூச்சே விடாம படிக்கிறாங்க சார்" என்று மெச்சுவார்கள். முன்பு அதைக் கேட்டால் தலைகால் புரியாது. அவள் போன பிறகு அதே வார்த்தையைக் கேட்டால் போனை வைத்துவிடுவார்.

ஒரு நாள் மதியம் தங்கை மகள் நிலையத்துக்கே வந்தாள். அம்மா சாகும்போது பால்பல் விழுகிற வயது அவளுக்கு. இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

"மாமா, எனக்கு அம்மா குரல் வேணும்."

"படிச்ச புத்தகத்தை எல்லாம் உன் போன்ல ஏத்திக் குடுத்தேனேம்மா."

"அது வேண்டாம் மாமா. அது யாரோ டீச்சர் பாடம் நடத்துற மாதிரி இருக்கு. அம்மா அம்மாவா பேசுறது வேணும். 'ஏய், செருப்பை எங்கடி விட்டே'ன்னு கத்துவாங்கள்ல, அந்தக் குரல். எவ்வளவு யோசிச்சாலும் அது ஞாபகம் வரமாட்டேங்குது. புத்தகம் படிக்கிற குரல்தான் வருது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றார் கத்திரி. அம்மா அம்மாவாகப் பேசியதையெல்லாம் வெட்டிப் போட்ட மகானுபாவர் இவர்தானே, இவர் எங்கே போய்த் தேடுவார்?

ஆரம்பத்தில் அவர் கையால்தான் வெட்டிக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் காது கொடுத்துக் கேட்டு, தேவையில்லாததை எடுப்பார். தங்கை காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து பதிவு செய்துவிட்டுப் போய்விடுவாள். இவர் வருவது மதியத்துக்கு மேல். ஒரே இடத்தில் வேலை, ஆனால் முகம் பார்ப்பது அபூர்வம். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. இரண்டு பத்திகளுக்கு நடுவில் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்குரலில் அண்ணனோடு பேசுவாள். "இந்த ஆள் ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் போல." "என்ன, அண்ணிகூட சண்டையா? நேத்து போன்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசினியே." எப்படியும் வெட்டப்போகிற இடம்தான். ஆனால் வெட்டுகிறவன் கேட்டுவிட்டுத்தானே வெட்ட வேண்டும்? வீட்டில் நாலு பேர் காதில் விழும் என்று போனில் சொல்ல முடியாததையும், அண்ணன் முகத்தைப் பார்த்தால் வாய் வராததையும் அவள் அங்கேதான் சொன்னாள். கத்திரி தன் அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டே அதையெல்லாம் கேட்டுவிட்டு வெட்டுவார்.

பிறகு வேலை மலையாகக் குவிந்தது. கம்ப்யூட்டர் தானாகவே வெட்டுவதற்குக் கத்திரி ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டார். கறுப்புத் திரையில் கொஞ்சம் வரிகள், அவ்வளவுதான். ஃபோல்டரில் இருக்கிற ஃபைல்களை ஒவ்வொன்றாக எடு. சத்தம் இந்த அளவுக்குக் கீழே இறங்குகிற இடத்தையெல்லாம் வெட்டு. மிச்சத்தை ஒரே சீரான சத்தத்துக்கு ஏற்று. வேறு ஃபோல்டரில் போடு. புத்தகம் முடிந்ததும் மூலப் பதிவுகளை அழி. என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் ஒரு வாரத்து வேலை முடிந்திருக்கும். ஆளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மைக்கை விட்டுத் திரும்பி அடிக்குரலில் பேசுகிற தங்கையும் அந்த அளவுக்குக் கீழேதான் வருவாள் என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை. இனிமேல் நான் கேட்பதில்லை, மிஷின்தான் வெட்டுகிறது என்று அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

ஒரே ஒரு புத்தகத்தின் மூலப் பதிவுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவள் பாதியில் விட்டுப் போன கடைசிப் புத்தகம். அது முடியாததால், அழிக்கச் சொல்கிற வரிக்கு அங்கே வேலை வரவில்லை. அந்த ஃபோல்டரைத் திறக்கக் கத்திரிக்கு இத்தனை வருஷமாகத் தைரியம் வந்ததில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்காகத் திறந்தார். அவளுக்கு வேண்டியது அளவுக்குக் கீழே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஸ்கிரிப்டில் ஒரு குறியை மட்டும் திருப்பிப் போட்டார். உரக்கப் படித்ததை வெட்டு, மிச்சத்தை வை. என்டரைத் தட்டினார். இந்தத் தடவை டீ குடிக்கப் போகவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டியதும் காதுக்குள் அவள் மூச்சு விட்டாள். சத்தத்தைச் சீராக்குகிற வரி அப்படியே இருந்ததால், மெல்லிய மூச்சுகூடப் பேச்சளவுக்குப் பெரிதாகி வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விடுகிற மாதிரி இருந்தது. கத்திரி திரும்பிப் பார்த்தே விட்டார். பக்கம் புரண்டது. நாற்காலி முனகியது. பிறகு அந்தக் குரல் வந்தது.

"அண்ணா, குட்டிக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. சட்டைன்னு சொல்லச் சொன்னா தத்தைங்குறா. நான் சிரிச்சா அடிக்க வர்றா."

கத்திரி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கிடைத்துவிட்டதே என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்.

"அண்ணா, இப்பல்லாம் மாடி ஏறினா நெஞ்சை அடைக்குது. இவர்கிட்ட சொன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவாரு. நீ என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா?"

அதற்குப் பிந்தைய அத்தியாயத்தில், "அன்னைக்குச் சொன்னதைக் கேட்டியா? வேலை ஜாஸ்தியா இருக்கும். பரவாயில்ல, மெதுவா சொல்லு."

இன்னும் கொஞ்சம் தள்ளி, "கோவமா அண்ணா? நேத்து போன் பண்ணினியே, நீயே பேச்சை எடுப்பேன்னு எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் தெரியுமா?"

அந்த போன் அவருக்கு ஞாபகம் இருந்தது. மிஷின் வெட்டுவதைச் சொல்லாமல், ஒரு வாரத்து வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறேன் என்றுதான் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் சத்தமே காணோம். "என்ன, லைன் கட்டாயிடுச்சா?" என்று கேட்டார். "இல்ல, சொல்லு" என்றாள் அவள். இவர் மறுபடியும் விட்ட இடத்திலிருந்து பெருமையை ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. மிச்ச அத்தியாயங்கள் முழுக்க மூச்சு மட்டும்தான். ஒவ்வொன்றிலும் அது குட்டையாகிக்கொண்டே வந்தது. கடைசி ஃபைலில் நாயைப் போல இரைத்தாள். அந்த இரைப்பை எல்லாம் வெட்டி, ஒட்டி, மூச்சே விடாதவளாக்கி வேறு ஃபோல்டரில் போட்டிருந்தார் அண்ணன். அவருக்கு அவரையே பிடிக்காமல் போயிற்று. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பல் விழுந்த கதை போதும். அவள் கேட்டது அதைத்தான். மற்றதை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வெட்டி இதுவரை யாருக்குத் தெரிந்திருக்கிறது? திரையில் அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றினார். அழிக்கிற பொத்தானில் விரலையும் வைத்தார். தங்கையை இன்னொரு முறை வெட்ட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் அப்படியே ஒன்றாகச் சேர்த்து வைத்தார்.

மறுநாள் தங்கை மகள் வந்தாள். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். பல் விழுந்த இடத்தில் கைகொட்டிச் சிரித்தாள். "அம்மாதான் மாமா! அதே குரல்தான்!" என்று சத்தம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. கத்திரி ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். கடைசி மூச்சு வரை கேட்டுவிட்டு, அவள் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அம்மா உங்ககிட்டதானே மாமா பேசுறாங்க?"

"ஆமாம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கேக்கலம்மா."

"அம்மா இவ்வளவு தூரம் கெஞ்சியும் கேக்கலையா?"

காதில் விழவில்லை என்று அவர் சொன்னதை, சொன்ன பேச்சை மதிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். திருத்துவதற்காக வாயைத் திறந்தார். அதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அம்மா மூச்சு விடுவதை மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.